எழுந்திருக்காத விருந்தாளி

கிறிஸ்துமஸ் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு, ஈப்போவில் வெள்ளைக் கொக்கு என்று பேர் வைத்திருந்த பெரிய சீன ரெஸ்டாரன்டுக்கு டிம் சம் சாப்பிடப் போன சவரிமுத்து, கூட வந்தவர்கள் கை துடைத்து, வாய் துடைத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளைக் கொக்கு மாடியில் இருந்தது, கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. ஏறுகிற படியெல்லாம் பளிங்கு, வாசலில் கண்ணாடித் தொட்டிக்குள் ஜெபம் சொல்வதுபோல வாயை அசைத்துக்கொண்டிருக்கும் பெரிய மீன்கள், உள்ளே நடந்தால் சத்தம் கேட்காத கம்பளம், வெள்ளை விரிப்புப் போட்ட வட்ட மேசைகள், அந்த மேசைகளுக்கு நடுவே மூங்கில் கூடைகளை உயர உயர அடுக்கிய வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும் பெண்கள்; ஒரு கூடையைத் திறந்தால் இறால் வைத்து மடித்த கொழுக்கட்டை, இன்னொன்றைத் திறந்தால் வாய் பிளந்து சிரிக்கிற பாவ் என்கிற ஆவி ரொட்டி, இன்னொன்றில் கருப்புச் சாற்றில் ஊறிய கோழிக்கால். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தேநீர்க் கெண்டியின் மூடியைத் திறந்து ஓரத்தில் சாய்த்து வைத்தால் இன்னும் ஊற்று என்று அர்த்தம், வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. மூடி சாய்ந்திருக்கிற வரைக்கும் அந்த மேசையில் இருப்பவர் விருந்தாளி. அவரை எழுந்து போ என்று சொல்வது அந்த ரெஸ்டாரன்டில் பெரிய பாவம்.

சவரிமுத்து காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். இப்போது ஞாபகம் உதிர்ந்துவிட்டது. மகன் பேர் போய், மகள் பேர் போய், தன் பேரும் போய், மதலேன் என்கிற மனைவியின் பேர் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அடுப்பைத் திறந்துவிட்டுத் தூங்கப் போவார், சட்டை போடாமல் பெரிய ரோட்டுக்கு நடந்துவிடுவார், ஒருதரம் அவரைப் பிடிக்கப் போய் மதலேன் கால்வாய் ஓரத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அந்தக் கட்டு பிரிக்காத கையோடுதான் அவள் அன்றைக்கு வெள்ளைக் கொக்கில் உட்கார்ந்து, நல்ல கையால் புருஷனுக்கு ஒவ்வொன்றாக ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

மகன் ரேமண்ட் கோலாலம்பூரிலிருந்து காரில் வந்திருந்தான். மேசை சொல்லி வைத்தது அவன்தான். மகள் பெர்னா ஈப்போவிலேயே டீச்சர். இவ்வளவு பெரிய இடத்துக்கு ஏன் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று மதலேன் கேட்கவில்லை, பிள்ளைகளுக்குத் திடீரென்று பாசம் வந்தால் ஏன் என்று எந்தத் தாய் கேட்பாள்.

கடைசித் தேநீர் ஊற்றியபோதுதான் ரேமண்ட் சொன்னான். "அம்மா, இங்கருந்து நேரா மலையடிவாரத்து முதியோர் இல்லத்துக்குப் போறோம். அப்பாவுக்கு இடம் கிடைச்சிருச்சு. துணிமணியெல்லாம் கார் பின்னால வெச்சிட்டேன்."

"யாருக்கு இடம்?"

"அப்பாவுக்குத்தான். நீங்க பெர்னா வீட்ல இருப்பீங்க."

"அவர நான் பாத்துக்கறேனே அய்யா."

"இந்தக் கையோடவா?" என்றாள் பெர்னா, அழுகையும் கோபமுமாக. "போன மாசம் விழுந்தப்ப யாரு ஓடி வந்தா? க்ளாஸ நடுவுல விட்டுட்டு நான்தானே வந்தேன். இன்னொரு வாட்டி விழுந்தா ரெண்டு பேரையும் யாரு தூக்கறது, சொல்லுங்க."

பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, களைத்துப் போனவர்கள். அது மதலேனுக்குத் தெரியும். சேலைத் தலைப்புக்குள் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே, இவரை என்கிட்டேயிருந்து பிரிக்காதேயும் என்று மட்டும் கேட்டாள்.

"அப்பா, போலாம்பா," என்று ரேமண்ட் எழுந்தான்.

"நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல," என்றார் சவரிமுத்து. அவர் முன்னால் இருந்த கூடைகள் எல்லாம் காலி.

ரேமண்ட் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். சவரிமுத்து ஒல்லி மனிதர், சாப்பாடு குறைந்து எலும்பும் தோலுமாக இருந்தவர். ஆனாலும் அசையவில்லை. பரிமாறுகிற பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு மீன் வெட்டுகிற ஆள் ஏப்ரனோடு வந்தான், பிறகு மேனேஜர் மிஸ்டர் லோ கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார், நாற்காலியோடு தூக்கலாம் என்றால் நாற்காலியும் தரையில் வேர் விட்டதுபோல நின்றது. கடைசியில் பொம்பாவுக்கு ஃபோன் போட்டார்கள். தீயணைக்கிற அந்த மலாய்ப் பிள்ளைகள் நெஞ்சும் தோளுமாக வந்து, இடுப்பில் பெல்ட் போட்டு, ஒன்று இரண்டு மூன்று சொல்லி இழுத்து, பெல்ட் அறுந்து, சிரித்து, வெட்கப்பட்டு, "பாக்சிக்குக்குப் பசி தீரலபோல," என்று பெரியவரை மாமா முறை வைத்துச் சொல்லி, ஆளுக்கு ஒரு பாவ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலம் அவருக்கு ஒண்ணுக்கு முட்டியது. கால்களைச் சேர்த்துச் சேர்த்து வைத்தார். மகனும் மகளும் மேனேஜரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மதலேன் யோசிக்காமல், வீட்டில் செய்கிற பழக்கத்தில், நல்ல கையை அவர் முதுகில் கொடுத்து "எந்திரிங்க" என்றாள், அவர் எழுந்தார். எழுந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, துவைத்துக் காய்ந்த துணியை எடுப்பதுபோல அவள் கையோடு வந்தார். கழிவறைக்குக் கூட்டிப்போய், கழுவிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து அதே நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் செய்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. யார் பார்த்தார்கள் என்று திரும்பினாள். வண்டி தள்ளுகிற மேடம் யீ மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

மேடம் யீ வயசான சீனத்தி, அப்பன், தமிழர்கள் வேலை செய்த தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவாள். அவள் கூடை வண்டியை இரண்டு பேருக்கும் முன்னால் நிறுத்தி, வாசலில் இருப்பவர்களுக்குத் தெரியாதபடி மறைத்துக்கொண்டு, தேநீர்க் கெண்டியின் மூடியை எடுத்து ஓரத்தில் சாய்த்து வைத்தாள்.

"நான் ஒன்னும் பாக்கல அக்கா," என்றாள். "அண்ணே இன்னும் தேத்தண்ணி குடிக்கிறாரு. குடிக்கிற ஆள யாரும் வெரட்ட முடியாது."

இப்படித்தான் சவரிமுத்து வெள்ளைக் கொக்கில் தங்கினார். மிஸ்டர் லோ முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார், பிறகு அவரைச் சுற்றி நாரை படம் போட்ட ஒரு தட்டி வைத்தார், பிறகு வருகிறவர்கள் எல்லாரும் தட்டிக்குப் பின்னால் என்ன என்று எட்டிப் பார்ப்பதால் தட்டியை எடுத்துவிட்டார். மதலேன் காலையில் பெர்னா வீட்டிலிருந்து பஸ் ஏறி வருவாள், அவர் முகம் துடைத்து, சட்டை மாற்றி, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லி, கடை சாத்தும்போது அவர் காலுக்குப் போர்வை போட்டுவிட்டுப் போவாள். அவரை எப்படிக் கழுவுகிறாள், எப்படிச் சட்டை மாட்டுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை, கிழவர்களைக் கழுவுகிற விஷயத்தை யாரும் துருவிக் கேட்பதில்லை.

ஊர் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. சனிக்கிழமைகளில் உடற்பயிற்சி செய்கிற வாலிபர்கள் வந்து அவரைத் தூக்கிப் பார்த்துப் பந்தயம் கட்டித் தோற்றார்கள். கல்யாண விருந்துக்கு வந்த பெண்ணும் மாப்பிள்ளையும் அவருக்கு இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், இதுபோல அசையாமல் வாழ வேண்டும் என்று. வாஸ்து பார்க்கிற சீனப் பெரியவர் ஒருவர் கையில் திசைகாட்டியோடு மண்டபத்தைச் சுற்றி வந்து, இந்த மூலையில் பாரமான பொருள் இருந்தால் வியாபாரம் ஓடிப்போகாது என்று சொன்ன பிறகு மிஸ்டர் லோவின் முகமே மாறியது, சவரிமுத்துவுக்குத் தினமும் முதல் கூடை இலவசம். சீனக் கிழவிகள் அவர் காலடியில் ஆரஞ்சுப் பழம் வைத்தார்கள். நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்கள் அவர் காதருகே குனிந்து நம்பர் கேட்டார்கள், அவர் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார், இன்னும் சாப்பிட்டு முடிக்கல என்று, அதில் எத்தனை எழுத்து என்று எண்ணிக் கட்டி ஒருவனுக்கு விழுந்துவிட்டது என்று பேச்சு.

கோயிலிலிருந்து மரியாயின் சேனைப் பெண்கள் வந்தார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தவர்கள், மூன்றாம் தேவ ரகசியத்துக்கு வரும்போது வண்டி வந்து நின்றுவிட்டதால், கொஞ்சம் இறால் கொழுக்கட்டை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கூட்டம் வாராவாரம் அங்கேயே நடந்தது.

"மதலேன், ஒனக்கென்னடி கவல?" என்றாள் சேனைத் தலைவி எலிசபெத் டீச்சர், வாயில் முட்டைத் தார்ட்டோடு. "எம் புருஷன் வீட்ல உக்காந்து எந்திரிக்கவே மாட்டேங்குறான், அவனுக்கு யாரு ஆரஞ்சு வைக்கறா? உம் புருஷன் ஏசியில உக்காந்திருக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். மதலேனும் சிரித்தாள். தவக்காலம் வந்தபோது பங்குச் சாமியார் வந்து, சவரிமுத்து நெற்றியில் சாம்பல் பூசி, மனிதனே நீ மண்ணாயிருக்கிறாய் என்று சொல்லிவிட்டு, "ஆனா இவ்வளவு கனமான மண்ண நான் பாத்ததில்லம்மா," என்றார்.

பிள்ளைகள் மட்டும் பழகவில்லை. ரேமண்ட் ஞாயிறுதோறும் வந்தான், வரும்போதே முகம் சிறுத்திருக்கும். ஊரில் எல்லாரும் அவனை டிம் சம் சாமி மகன் என்றார்கள். ஆபீசில் சீனர்கள் அவன் தோளைத் தட்டி, உங்கப்பா சாப்பிட்டு முடிச்சாச்சா என்று கேட்டார்கள். முதியோர் இல்லத்துக்காரர்கள் இடத்தை இன்னும் எத்தனை நாள் பிடித்து வைப்பது என்று ஃபோன் செய்தார்கள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில், கண் பரிசோதனை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் மடியில் கூரைச் சுண்ணாம்பு விழுந்தது. எஞ்சினியர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சவரிமுத்து உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேர் கீழே தளம் தொட்டில்போலத் தொங்கியிருந்தது. மனிதர் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகிறார் என்று அவர் சொன்னதை யாரும் வியப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, இத்தனை பேர் வேண்டுதல் வைத்தால் கனக்காமல் என்ன செய்யும் என்றுதான் பேசிக்கொண்டார்கள். வாஸ்துப் பெரியவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், இவ்வளவு பாரம் நான் சொல்லவில்லையே என்று அவர் நழுவிக்கொண்டார். ஆரஞ்சு வைத்த கிழவிகள் வேறு மேசைக்குப் போனார்கள். எலிசபெத் டீச்சர், கூட்டத்தை இனிமேல் கோயில் அறையிலேயே வைத்துக்கொள்வோம், இங்கே கவனம் சிதறுகிறது என்றாள்.

மிஸ்டர் லோ மதலேனிடம் பேச வெட்கப்பட்டு மேடம் யீயிடம் சொல்லிவிட்டார். மேடம் யீ வண்டியை மேசைக்கு அணைத்து நிறுத்தினாள்.

"அக்கா, ஈஸ்டர் முடிஞ்சதும் செவுத்த ஒடைக்கப் போறாங்க. அண்ணனச் சுத்தித் தரைய வெட்டி, கிரேன் வெச்சு எறக்குவாங்களாம்."

"வெட்டும்போது அவருக்கு ஒன்னும் ஆகாதுல்ல?"

மேடம் யீ ஒரு கூடையைத் திறந்து மூடினாள், இன்னொன்றைத் திறந்து மூடினாள். "கிரேன் சங்கிலி தாங்குமான்னு அந்த எஞ்சினியருக்கே தெரியாது அக்கா."

அன்று முழுக்க மதலேன் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மட்டும் அந்தக் கை எப்போதும்போல லேசாகவே இருந்தது, ஒரு குருவி வந்து உட்கார்ந்த மாதிரி. தூக்கிக்கொண்டு எங்கே போவது? பழைய வீட்டுச் சாவி ரேமண்டிடம் இருந்தது. பெர்னாவின் ஃபிளாட்டில் அவளுக்கே பேரப்பிள்ளைகள் அறையில் பாய். மாதாவே, உமக்கும் மாட்டுக் கொட்டகைதானே கிடைத்தது என்று சொல்லிப் பார்த்தாள், ஆறுதல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரேமண்ட் வந்ததும் சொன்னாள். "அப்பாவ நான் தூக்கிட்டு வர்றேன்."

"அம்மா, பொம்பாவாலயே முடியல."

"என்னால முடியும். ஆனா நம்ம வீட்டுக்கு. மலையடிவாரத்துக்கு இல்ல. நானும் அவரும் நம்ம வீட்ல இருப்போம். விழுந்தா விழுந்துட்டுப் போறோம்."

ரேமண்ட் தாயைப் பார்த்தான், பெர்னாவைப் பார்த்தான். அவன் கண் கலங்கியது, அது நடிப்பில்லை. "சரிம்மா. வீட்டுக்குப் போலாம்."

"இதுல கை வெச்சு சொல்லு."

ஜெபமாலையின் சிலுவையில் கை வைத்துச் சொன்னான். அப்போது அவன் நிஜமாகத்தான் சொன்னான், ஆண்டவர் அதைக் கேட்டிருப்பார்.

மேடம் யீ வந்தாள். கெண்டியின் மூடியைக் கையில் எடுத்து, மதலேன் முகத்தைப் பார்த்து, "வேணாம்னா சொல்லு அக்கா," என்றாள். மூடு என்று மதலேன் தலையசைத்தாள். மூடி கெண்டியில் உட்கார்ந்த சத்தம் அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது. மதலேன் குனிந்து, ஒரு கையை அவர் முதுகிலும் கட்டுப் பிரித்துப் பலவீனமாயிருந்த மற்றக் கையை அவர் முழங்காலுக்கடியிலும் கொடுத்து, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கினாள்.

"போலாமாங்க? நம்ம வீட்டுக்கு."

"போலாம் மதலேன்," என்றார்.

கோழிக்கால் கடித்தவர்கள் கடித்தபடி நின்றார்கள். மேசை மேசையாக அவள் கடந்து போனபோது யாரோ ஒரு தமிழ்ப் பொம்பளை, "அப்ப இத்தன நாளும் இந்தம்மாதான் நாடகம் ஆடியிருக்கு," என்று காதில் விழும்படியே சொன்னாள். மதலேன் பளிங்குப் படிகளில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவர் அவள் தோளில் தலை வைத்திருந்தார். காரின் பின் சீட்டில் அவரை மடியோடு சேர்த்து உட்கார வைத்துக்கொண்டாள்.

பெரிய ரோட்டுச் சந்திப்பு வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். சிவப்பு விளக்கில் நின்றபோது பெர்னா அண்ணனிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். பச்சை விழுந்தது. கார் வலது பக்கம் திரும்பியது.

"ரேமண்ட்?"

"ஒரே ஒரு வாரம்மா." கண்ணாடியில் அவன் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. "வீட்ல இன்னும் கேட் போடல, பாத்ரூம்ல கம்பி வைக்கணும். ஒரு வாரம் அங்க இருக்கட்டும். அப்புறம் நானே கூட்டிட்டு வர்றேன்."

மலை தெரிய ஆரம்பித்தது. சவரிமுத்து ஜன்னல் வழியே அதைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த நிமிஷம்தான் மதலேனின் கைக்குள் இருந்த அவர் கை லேசாகியது. எப்போதும் இருந்த லேசு இல்லை இது. குருவி எழுந்து போய், உட்கார்ந்த இடம் மட்டும் மிச்சமிருப்பதுபோல. அவள் இறுக்கிப் பிடித்தாள். பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை, கை மட்டும் இருந்தது.

வெள்ளைக் கொக்கில் தளத்தைச் சிமென்ட் போட்டு நிமிர்த்தினார்கள். வேறு நாற்காலி வந்தது. இரண்டு மூன்று வாரத்துக்குள் அந்த மூலையில் பல் மருத்துவர் குடும்பம் ஒன்று வாடிக்கையாக உட்கார ஆரம்பித்தது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒரு வாரம் என்பது ஞாயிறுக்கு ஞாயிறு புதிதாகப் பிறந்துகொண்டே இருந்தது. கேட் போட ஆள் வரவில்லை, ஆள் வந்தால் கம்பி வரவில்லை, பிறகு வீட்டைப் பார்க்க யாரோ வருகிறார்கள் என்றான் ரேமண்ட், யார் என்று சொல்லவில்லை. மதலேன் பஸ் ஏறி, இன்னொரு பஸ் மாறி, மலையடிவாரத்துக்குப் போய் வந்தாள். கிழவர்கள் மிஸ்ஸி, மிஸ்ஸி என்று கூப்பிடுகிற அந்த இல்லத்து வேலைக்காரப் பெண்கள் நல்ல பிள்ளைகள். அவர்களுக்குச் சவரிமுத்துவை ரொம்பப் பிடிக்கும்.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி சொன்னபடி கேக்கற ஆள் இங்க இல்ல ஆன்ட்டி," என்றாள் ஒருத்தி. "மத்தவங்களத் தூக்கி எங்களுக்கு இடுப்பே போச்சு. இவர ஒரு கையில தூக்கிட்டு இன்னொரு கையில ஃபோன் பேசலாம். மேல சுத்தற காத்தாடிய மட்டும் ரெண்டாம் நம்பருக்கு மேல வைக்கக் கூடாது. போன வாரம் மெத்தைலருந்து கெளம்பி ஜன்னல் கம்பில ஒட்டிக்கிட்டாரு. அதனாலதான் கட்டி வைக்கறோம், கோவிச்சுக்காதீங்க."

வெள்ளைத் துணியைப் பட்டையாக மடித்து, நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்று, முழங்காலுக்கு மேலே ஒன்று போட்டிருந்தார்கள். மதலேன் தினமும் முடிச்சை அவிழ்த்து, பார்வை நேரம் முடிகிற வரைக்கும் அவர் நெஞ்சில் தன் கையைப் பாரமாக வைத்துக்கொண்டு ஜெபமாலை சொன்னாள். ஆண்டவரே, இவரைக் கனமாக்கும். தரை தொங்கட்டும், கூரை விழட்டும், இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் பாரம் கொடும். ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அதையே கேட்டாள். கை எடுத்தால் சட்டைக் காலர் மெல்ல எழும்பும், பிறகு தோள் எழும்பும், அவள் திரும்பக் கையை வைப்பாள்.

அன்றைக்கும் பார்வை நேரம் முடிந்த மணி அடித்தது. மிஸ்ஸிகள் மற்றக் கட்டில்களில் வேலையாக இருந்தார்கள். வெளியே மழைக்கு முந்தின காற்று மரங்களை அடித்துக்கொண்டிருந்தது, ஜன்னல் ஒன்று சாத்தாமல் கிடந்தது. மதலேன் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து, துணிப் பட்டையைத் தானே எடுத்து, அவர் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, மெத்தைக்கு அடியில் விட்டு, இந்தப் பக்கம் இழுத்து, முறிந்து கூடிய மணிக்கட்டு வலிக்க வலிக்க முடிச்சுப் போட்டாள்.

"ரொம்ப இறுக்குதாங்க?"

அவர் அவள் முகத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு, உதவி செய்கிற அந்நியருக்குச் சிரிப்பதுபோலச் சிரித்தார்.

"பரவால்ல மிஸ்ஸி," என்றார். "நல்லா கட்டுங்க."